ரெண்டு வரி எழுதி வெச்சிருந்தா போதும்



இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். அமெரிக்கா வரைக்கும் போய்ட்டுத் திரும்ப நம்ம கோயில் வாசலுக்கே வரப்போறோம். நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

போன மாதம் பிரதோஷத்தன்று ஒரு அம்மா கோயில் அலுவலகத்துக்கு வந்தாங்க. வயசு ஐம்பதுக்குள்ள இருக்கும். அவங்க அப்பா அம்மா 1974-ல நம்ம கோயில்லதான் தாலி கட்டினவங்க. இப்ப ரெண்டு பேருமே இல்லை. ஏதோ ஒரு சொத்து விஷயத்துக்கு, அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி கேட்கிறாங்களாம். "கோயில் புத்தகத்துல பேர் இருக்குமா தம்பி?"ன்னு கேட்டாங்க.

நம்ம நாட்டுல திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1-ஆம் தேதி. அதற்கு முன்னால கோயிலிலோ வீட்டிலோ சொந்தபந்தம் கூடி, வழக்கப்படி தாலி கட்டினா அதுதான் கல்யாணம். அப்படி நடந்த பழைய கல்யாணங்களைச் சட்டமும் ஏத்துக்குது. ஆனா நடந்ததுன்னு காட்டணும் இல்லீங்களா? அதுதான் கஷ்டம்.

நாங்க ஸ்டோர் ரூமைத் திறந்து ரெண்டு நாள் தேடினோம். 1991-க்கு அப்புறம் உள்ள கணக்குப் புத்தகங்கள் இருக்கு. அதுக்கு முன்னால உள்ளதைக் கரையான் பாதி தின்னுடுச்சு, கூரை ஒழுகி மீதி போயிடுச்சு. அந்த அம்மாவிடம் "இல்லைங்கம்மா"ன்னு சொல்ல எங்களுக்கு வாய் வரலை.

அப்புறம்தான் ஒரு கேள்வி எங்களைப் பிடிச்சுக்கிச்சு. அரசாங்கப் பதிவு வராத காலத்துல, மத்த நாட்டு ஏழை எளிய ஜனங்க எப்படிச் சமாளிச்சாங்க? யார் யாரைக் கட்டினாங்க, யார் எப்போ இறந்தாங்கன்னு எங்கே எழுதி வெச்சாங்க? இரவு ஷிப்ட் முடிஞ்ச நேரங்கள்ல தேடிப் படிச்சோம். பதில் நாங்க நினைக்காத இடத்துல இருந்தது. பழைய கிராமத்துப் பத்திரிகைகள்ல, மூணாவது பக்கத்து மூலையில, ரெண்டே ரெண்டு வரியில.

நியூயார்க்னா கட்டடம் மட்டும் இல்லை

நியூயார்க்னு சொன்னதும் நமக்கு வானம் தொடுற கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். அது நகரம். அதே பேர்ல ஒரு பெரிய மாநிலமும் இருக்கு. 200 வருஷத்துக்கு முன்னால அதோட உள்பகுதி முழுக்கக் காடும் வயலும்தான். மரத்தை வெட்டி, மரக்கட்டையில வீடு கட்டி, குடும்பம் குடும்பமா ஆட்கள் குடியேறிக்கிட்டு இருந்தாங்க. நம்ம பாட்டன் காலத்துத் தோட்டத்துக் காட்டை மனசுல வெச்சுக்கிட்டா பாதி புரிஞ்சிடும்.

அப்படிப்பட்ட ஊர்களுக்கும் பத்திரிகை வந்தது. கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊருக்கு 1795-லேயே எலிஹு ஃபின்னி என்ற அச்சுக்காரர் அச்சு இயந்திரத்தைப் பனியில வண்டி கட்டிக் கொண்டுவந்து 'ஒட்சீகோ ஹெரால்ட்' என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பிச்சார். அடுத்த 30, 40 வருஷத்துல ஓரளவு கடைத்தெரு உள்ள ஊருக்கெல்லாம் ஒரு வாரப் பத்திரிகை வந்துடுச்சு.

பத்திரிகைன்னா பெரிய ஆபீஸ், நிருபர் கூட்டம் எல்லாம் கிடையாது. முதலாளியும் அவரே, ஆசிரியரும் அவரே, அச்சுக் கோக்கிறவரும் அவரே. கூட ஒரு எடுபிடிப் பையன். ஈய எழுத்தை ஒவ்வொண்ணா பொறுக்கி அடுக்கணும். ஒருத்தர் மை தடவ, இன்னொருத்தர் கைப்பிடியை இழுக்க, மணிக்குச் சுமார் 200 தாள், அதுவும் ஒரு பக்கம்தான். மொத்தம் நாலு பக்கம். சந்தா கட்டக் காசு இல்லாதவங்க விறகு, தானியம், வெண்ணெய்னு கொண்டுவந்து கொடுத்துக் கணக்கைத் தீர்த்தாங்க.

இதுல ஒரு வேடிக்கை. உள்ளூர்ப் பத்திரிகைன்னு பேரு, ஆனா அந்தக் காலத்துல உள்ளூர்ச் செய்தி ரொம்பக் குறைவு. ஐரோப்பாவுல சண்டை, தலைநகர்ல பேச்சு, வெளியூர் விலைவாசி இதெல்லாம்தான் நிறைஞ்சிருக்கும். காரணம் எளிது. உள்ளூர்ச் சேதி பத்திரிகை வர்றதுக்கு முன்னாலேயே எல்லார் காதுக்கும் வந்துடும். கோயில் திருவிழாவுல யார் யாரோட சண்டை போட்டாங்கன்னு நமக்கு யாராவது அச்சடிச்சா சொல்லணும்?

ஆக, உள்ளூர்ச் சாதாரண மனுஷன் பேர் பத்திரிகையில வர்றதுக்கு இருந்த வழிகள் ரொம்பக் கொஞ்சம். அதுல முக்கியமானது ரெண்டு. கல்யாணம் ஆனா 'மணம் புரிந்தோர்' பகுதியில ரெண்டு வரி. செத்துப் போனா 'இறந்தோர்' பகுதியில ரெண்டு வரி.

அந்த ரெண்டு வரி ஏன் பெரிசு

நியூயார்க் மாநிலத்துல 1847-ல ஒரு சட்டம் போட்டாங்க. ஒவ்வொரு பள்ளிக்கூட வட்டாரத்துலயும் ஒரு எழுத்தர் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாத்தையும் கணக்கெடுக்கணும்னு. சில வருஷத்துல அது அப்படியே படுத்துடுச்சு. மறுபடியும் மாநிலம் முழுக்கப் பதிவு செய்யணும்னு சட்டம் வந்தது 1880-ல.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருந்ததேன்னு கேட்கலாம். இருந்தது. ஆனா 1850-க்கு முன்னால எடுத்த நாட்டுக் கணக்கெடுப்புல வீட்டுத் தலைவர் பேரை மட்டும்தான் எழுதினாங்க. மத்தவங்க எல்லாம் வெறும் எண்ணிக்கை. இத்தனை ஆண், இத்தனை பெண், அவ்வளவுதான். மனைவிக்குப் பேர் இல்லை, பிள்ளைக்குப் பேர் இல்லை.

தேவாலயப் புத்தகமும் எல்லா ஊர்லயும் இல்லை. குதிரையில ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த போதகர்கள், கல்யாணம் பண்ணி வெச்சுட்டு, குறிப்புப் புத்தகத்தைத் தங்களோடவே எடுத்துட்டுப் போயிட்டாங்க. கல்லறையில மரப்பலகை நட்டவங்களுக்கு அந்தப் பலகை 20, 30 வருஷம் தாங்கினா அதிகம்.

அப்போ ஒரு விவசாயி மகள் யாரைக் கட்டினாள், ஒரு கொல்லன் மனைவி எந்த வயசுல போய்ச் சேர்ந்தாள் என்பதற்கு, பல குடும்பங்கள்ல மிஞ்சினது அந்தப் பத்திரிகை வரி மட்டும்தான். பிரெட் போமன் என்ற ஆய்வாளர் இந்தப் பழைய பத்திரிகைகளை ஊர் ஊராகத் தேடி, மேற்கு நியூயார்க் பகுதிக்கு மட்டும் 1809 முதல் 1850 வரை 10,000 பதிவுகளைத் திரட்டி 1985-ல புத்தகமாப் போட்டார். பெரும்பாலும் கல்யாணமும் சாவும்தான். இன்னைக்கும் தங்கள் பூர்வீகம் தேடுறவங்க அதைப் புரட்டுறாங்க.

படிக்கிறதுக்கும் ஒரு பக்குவம் வேணும்

அந்த வரிகள் எப்படி இருக்கும்? 'இவ்வூரில், சென்ற புதன் மாலை, போதகர் இன்னாரால், இன்ன ஊர் இன்னாருக்கும், இன்னார் மகள் இன்னாளுக்கும்.' முடிஞ்சது. பந்தல் இல்லை, படம் இல்லை. ஆனா பழகினவங்க கண்ணுக்கு அதுல நிறைய இருக்கு.

போதகர் பேரை ஏன் போட்டாங்க? மரியாதைக்கு. ஆனா இன்னைக்குத் தேடுறவனுக்கு அது சாவி. எந்தப் போதகர்னு தெரிஞ்சா எந்தத் தேவாலயம்னு தெரியும். தேவாலயம் தெரிஞ்சா எந்தப் புத்தகத்துல தேடணும்னு தெரியும். நம்ம கல்யாணப் பத்திரிகையில குருக்கள் பேரைப் போடுறோமா? பெரும்பாலும் இல்லை.

வயசுக் கணக்கு இன்னொண்ணு. 'தம் வயதின் 45-ஆம் ஆண்டில்' இறந்தார்னு போட்டிருப்பாங்க. உடனே 45 வயசுன்னு எழுதிடக் கூடாது. 44 முடிஞ்சு 45 நடக்குதுன்னு அர்த்தம். இது நமக்குப் புதுசா? நம்ம பாட்டிமார்களைக் கேட்டா "அவனுக்கு 45 நடக்குது"ன்னுதானே சொல்வாங்க!

பெண்களைப் பற்றி எழுதினதைப் படிக்கும்போதுதான் மனசு கொஞ்சம் கனத்துப் போச்சு. மனைவின்னு சொல்ல ரெண்டு தனிச் சொல் வெச்சிருந்தாங்க. ஒண்ணு, கணவர் உயிரோட இருக்கும்போதே இறந்த பெண்ணுக்கு, அதாவது நாம சுமங்கலியாப் போனாங்கன்னு சொல்றோமே, அது. இன்னொண்ணு, கணவருக்கு அப்புறம் வாழ்ந்து இறந்த விதவைக்கு. இந்த வித்தியாசத்தை அவ்வளவு கவனமா எழுதினவங்க, பல நேரத்துல அந்தப் பெண்ணோட சொந்தப் பேரை எழுத மறந்துட்டாங்க. 'இன்னாரின் மனைவி' என்பதோட சரி. குழந்தைகளுக்கு 'இன்னாரின் கைக்குழந்தை'. பத்து மாதம் சுமந்து பெத்த பிள்ளைக்கு வெச்ச பேர் என்னன்னு இனி யாராலும் சொல்ல முடியாது.

தாம்பூலத்துக்குப் பதில் கேக்

கனமா போகுது, ஒரு இனிப்பும் சொல்லிடறோம். கல்யாணச் செய்தியைப் பத்திரிகை ஆபீஸுக்குக் கொண்டுபோறவங்க, கூடவே கல்யாண கேக்கில் ஒரு துண்டும் கொண்டுபோவாங்க. அது அச்சுக்காரருக்கு உரிய மரியாதை. கேக் வந்தா, செய்திக்குக் கீழே ஆசிரியர் ஒரு வரி சேர்ப்பார். கேக் கிடைத்தது, மணமக்கள் நீடூழி வாழ்கன்னு. மாப்பிள்ளை, பொண்ணு பேரை வெச்சுச் சிலேடை போட்ட ஆசிரியர்களும் இருந்தாங்க. கேக் வரலைன்னா அதையும் குத்திக் காட்டினவங்க உண்டு! வெத்தலை பாக்கு வைக்காம கல்யாணத்துக்குச் சொன்னா நம்ம பெரியவங்க கோவிச்சுக்குவாங்களே, அதே கதைதான்.

'ஒஹாயோ பத்திரிகைகள் தயவுசெய்து எடுத்துப் போடவும்'

எங்களை ரொம்பத் தொட்டது இதுதான். 1825-ல ஈரி கால்வாய் திறந்தது. அதுக்கப்புறம் நியூயார்க் கிராமத்துப் பிள்ளைங்க நிலம் தேடி மேற்கே ஒஹாயோ, மிச்சிகன்னு போயிட்டாங்க. ஊர்ல தாய் தகப்பன் இறந்தா அவங்களுக்கு எப்படிச் சொல்றது? 1816-க்குப் பிறகு, தூர ஊருக்கு ஒரு தாள் கடிதம் அனுப்ப 25 சென்ட் தபால் கட்டணம். கூலிக்காரனுக்கு அது பெரிய காசு. அதுவும் பிள்ளை இப்ப எந்த ஊர்ல இருக்கான்னே தெரியாது.

பத்திரிகைக்கு மட்டும் தபால் மலிவு. 1792-ல வந்த தபால் சட்டப்படி 100 மைல் வரைக்கும் ஒரு சென்ட், அதைத் தாண்டினா ஒன்றரை சென்ட். அதோட, ஒரு பத்திரிகைக்காரர் இன்னொரு பத்திரிகைக்காரருக்குத் தன் இதழை அனுப்பினா இலவசம். அதனால எல்லா ஆசிரியரும் ஒருத்தர் இதழை ஒருத்தர் மாத்திக்கிட்டாங்க, ஒருத்தர் செய்தியை ஒருத்தர் எடுத்துப் போட்டாங்க.

இந்த வழியைக் குடும்பங்கள் பிடிச்சுக்கிட்டாங்க. இறந்தவர் பேருக்குக் கீழே ஒரு வரி: 'ஒஹாயோ பத்திரிகைகள் தயவுசெய்து எடுத்துப் போடவும்.' அங்கே உள்ள ஒரு ஆசிரியர் அதைப் பார்த்து மறுபடி அச்சடிப்பார். அங்கே எங்கேயோ ஒரு கடையில அதைப் படிக்கிற யாராவது ஒருத்தர், "ஏம்பா, இது உங்க அப்பா பேரு மாதிரி இருக்கே"ன்னு சொல்வார். அப்படித்தான் சாவுச் செய்தி மகன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னைக்கு நாம வாட்ஸ்அப்ல "தெரிந்தவர்களுக்குப் பகிரவும்"னு போடுறோமே, அதோட தாத்தா இது.

இதுல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. முதல் பத்திரிகை 'சென்ற புதன்'னு போட்டதை, ரெண்டு வாரம் கழிச்சு எடுத்துப் போட்டவர் அப்படியே 'சென்ற புதன்'னு போட்டுடுவார். தேதி மாறிப் போச்சு! பேக்டரியில நாங்க புதுப் பசங்களுக்கு முதல் நாளே சொல்றது இதுதான்: லாக் புக்ல "நேத்து"ன்னு எழுதாதே, தேதி போடு.

பேரே வராதவங்க

எல்லாருக்கும் அந்த ரெண்டு வரி கிடைச்சிடலை. யாராவது ஒருத்தர் அச்சுக்கூடம் வரைக்கும் நடந்து போய்ச் சொல்லணும். சொல்ல ஆள் உள்ளவனுக்கு வரி கிடைச்சது. கால்வாய் வெட்டக் கூலிக்கு வந்து காய்ச்சல்ல செத்த வெளியூர்க்காரனுக்கு யார் போய்ச் சொல்வாங்க? நம்ம ஆட்கள் காடு வெட்டி, ரயில் பாதை போட்டுச் செத்ததை நினைச்சுப் பாருங்க, சொல்லாமலே புரியும்.

எல்லாரையும் விடக் கொடுமை, அடிமைகளா வெச்சிருந்த கறுப்பின மக்கள் நிலைமை. நியூயார்க்ல அடிமை முறை 1827-ல ஒழிஞ்சது. தெற்கு மாநிலங்கள்ல 1865 வரைக்கும் நீடிச்சது. அங்கே அவங்க கல்யாணத்தைச் சட்டம் கல்யாணமாவே மதிக்கலை. கணவனை ஒரு ஊருக்கும், மனைவியை வேற ஊருக்கும், பிள்ளையை இன்னொரு ஊருக்கும் வித்தாங்க. பத்திரிகையில அவங்களைப் பற்றி வந்தது விற்பனை விளம்பரமும், தப்பி ஓடியவரைப் பிடிச்சுத் தரச் சொல்ற விளம்பரமும்தான்.

விடுதலை கிடைச்ச பிறகு அவங்க செஞ்சதைக் கேளுங்க. நியூ ஆர்லியன்ஸ்ல வெளிவந்த 'சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்' என்ற மதப் பத்திரிகை 1879-ல 'தொலைந்த உறவுகள்' என்ற பகுதியை ஆரம்பிச்சது. என் அம்மா பேர் இது, எங்களை வெச்சிருந்த முதலாளி பேர் இது, கடைசியா அம்மாவைப் பார்த்த இடம் இது, யாருக்காவது தெரியுமான்னு கேட்டு ஜனங்க கடிதம் எழுதினாங்க. சந்தாதாரருக்கு இலவசம், மத்தவங்களுக்கு 50 சென்ட். படிக்கத் தெரியாதவங்க அதிகம்னு தெரிஞ்சு, போதகர்கள் இந்தக் கடிதங்களைப் பிரார்த்தனைக் கூட்டத்துல சத்தமா வாசிக்கணும்னு அந்தப் பத்திரிகை கேட்டுக்கிச்சு.

பிரிஞ்சு 20, 30 வருஷம் ஆனவங்க எழுதினாங்க. நரைச்ச தலையோட அம்மாவைத் தேடினாங்க. சிலருக்குக் கிடைச்சது, அதுவும் அந்தப் பத்திரிகையிலேயே வந்தது. நிறைய பேருக்குக் கிடைக்கலை. ஆனா அவங்க எழுதின பேர்கள் அழியலை. பேர் வராத தாய்மாருக்குப் பிள்ளைகளே ரெண்டு வரி எழுதி வெச்சுட்டாங்க. இதைப் படிச்ச அன்னைக்கு எங்கள்ல ஒருத்தருக்கும் பேச்சு வரலை.

நம்ம வாசலுக்கு வருவோம்

அந்த அம்மா கதை என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. கோயில்ல கிடைக்கலை. ஆனா நாங்க நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சோம். பழைய தோட்டத்து லைன்ல பக்கத்து வீட்டுல இருந்த ஒரு பாட்டி, தகரப் பெட்டிக்குள்ள, பட்டுச் சேலைக்கு அடியில, அந்தக் கல்யாணப் பத்திரிகையை வெச்சிருந்தாங்க. மஞ்சள் தடவின மூலை இன்னும் தெரியுது. தேதி இருக்கு, முகூர்த்த நேரம் இருக்கு, நம்ம கோயில் பேர் இருக்கு. அந்த அம்மா அதைக் கையில வாங்கி, அவங்க அம்மா பேர் அச்சுல இருந்த இடத்தை விரலால தடவிக்கிட்டே நின்னாங்க. அது போதுமான்னு அதிகாரிகள்கிட்ட இருந்து இன்னும் பதில் வரலை. வக்கீலைப் பார்க்கச் சொல்லியிருக்கோம்.

அந்தக் காலத்து அச்சுக்காரர் சரித்திரம் எழுதணும்னு எழுதலை. பக்கத்தை நிரப்பணும், கேக் வேணும், அவ்வளவுதான். ஆனாலும் அவர் எழுதினதுதான் மிஞ்சியிருக்கு. நம்ம கோயில்ல தினமும் அர்ச்சனைச் சீட்டுல பேர், நட்சத்திரம் எழுதுறோம். திருமணம் நடத்தி வைக்கிறோம். கருமக்கிரியை அறிவிப்பைப் பலகையில ஒட்டுறோம். அப்புறம் கிழிச்சுக் குப்பையில போடுறோம். இது எங்க தப்பும்தான், மறைக்க ஒண்ணும் இல்லை.

நிர்வாகத்துகிட்ட பேசி அனுமதி வாங்கியாச்சு. அடுத்த மாதத்துல இருந்து அலுவலகத்துல கெட்டி அட்டை போட்ட ரெண்டு புத்தகம் இருக்கும். ஒண்ணு திருமணத்துக்கு, ஒண்ணு மறைவுக்கு. இது அரசாங்கப் பதிவுக்குப் பதில் இல்லை, அதை நீங்க தனியா கண்டிப்பா செஞ்சுடணும். இது நம்ம பேரப் பிள்ளைகளுக்கு.

உங்ககிட்ட நாங்க கேட்கிறது மூணே மூணு.

1. வீட்டுல பழைய கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அட்டை, பழைய தமிழ்ப் பத்திரிகையில வந்த கண்ணீர் அஞ்சலி எது இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. ஞாயிறு காலை பூஜைக்குப் பிறகு கொண்டுவாங்க. படம் எடுத்துட்டு உங்ககிட்டேயே திருப்பிக் கொடுத்துடுவோம்.

2. எழுதும்போது முழுத் தேதி, ஊர், குருக்கள் பேர் போடுங்க. பெண்களுக்கு அவங்க சொந்தப் பேரும், அவங்க அப்பா அம்மா பேரும் போடுங்க. 'இன்னார் மனைவி'ன்னு மட்டும் விட்டுடாதீங்க. பிறந்து சில நாள்ல போன குழந்தையா இருந்தாலும் பேர் எழுதுங்க.

3. யாரும் இல்லாம போன பெரியவங்க உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, தோட்டத்துல தனியா இருந்து செத்தவங்க, குடும்பம் இல்லாதவங்க, அவங்க பேரை நீங்க வந்து சொல்லுங்க. அச்சுக்கூடம் வரைக்கும் நடந்து போன அந்த ஒருத்தர் நீங்களா இருங்க. நாங்க எழுதிக்கிறோம்.

தகரப் பெட்டியைத் திறந்து பாருங்க. உங்க பாட்டி பேர் என்னன்னு இன்னைக்கு ராத்திரியே அப்பா அம்மாகிட்ட கேளுங்க. கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுடுங்க.

அம்பாள் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும். தெரிந்தவர்களுக்குப் பகிரவும்.


ஆலயத் தொண்டர்கள்